தீபாவளிக்குக் கொளுத்தலாமா? – படகுத்துறைப் பதில்கள்

போன இதழில், காற்று மாறுவதற்கு முன் படகில் பார்க்க வேண்டியவற்றைப் பற்றி எழுதும்போது, "ஃப்ளேர் இருந்தால் அதன் தேதியையும் பாருங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பினாங்கில் எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே எத்தனை சிவப்புக் குழாய்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆகவே கார்புரேட்டர், ப்ரொப்பெல்லர் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகுப் பழக்கம் இல்லாதவர்களுக்கு: ஃப்ளேர் என்பது கடலில் மாட்டிக்கொண்டவர்கள் உதவி கேட்டுக் கொளுத்தும் விளக்கு. கையில் பிடித்துக் கொளுத்தும் சிவப்பு ஃப்ளேர் ஒரு வகை. மேலே ஏவிவிடும் பாராசூட் ராக்கெட் இன்னொன்று. பகலுக்கு ஆரஞ்சுப் புகை விடும் டப்பா உண்டு. மூன்றுக்கும் காலாவதித் தேதி உண்டு.

ஐயா, என் கணவர் சனி ஞாயிறு ஆனால் தூண்டிலோடு கடலுக்குப் போய்விடுவார். அவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. படகை விற்றுவிட்டோம். போன வாரம் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின்னில் நான்கு சிவப்புக் குழாய்கள், இரண்டு நீளக் குழாய்கள், ஓர் ஆரஞ்சு டப்பா இருந்தன. 2017 என்று தேதி போட்டிருக்கிறது. ஆன்டெனா வைத்த மஞ்சள் கருவி ஒன்றும் இருந்தது. குப்பையில் போட்டுவிடலாமா? வாளித் தண்ணீரில் ஊறப் போட்டால் செத்துவிடும் என்கிறான் மகன். – வாசகி, சுங்கை ஆரா

அம்மா, டின்னை வாளிப் பக்கம் கொண்டு போக வேண்டாம். ஊறப் போடும் யோசனை ஊசிப் பட்டாசுக்குச் சரிவரும். இது வேறு ரகம். எரிந்துகொண்டிருக்கும் கை ஃப்ளேரை 100 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் 10 வினாடி முக்கி எடுத்தாலும் அது தொடர்ந்து எரிய வேண்டும் என்று உலகக் கப்பல் விதிகளிலேயே இருக்கிறது. அலை அடிக்கும் இடத்தில் பயன்படப் போகிற பொருள், அப்படித்தான் செய்வார்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அந்த மருந்துக்குள்ளேயே இருப்பதால் வெளிக்காற்றும் அதற்குத் தேவையில்லை. குழாயை ஈரம் புகாதபடி அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு வாரம் வாளியில் கிடந்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கலாம். ஒருவேளை ஊறிவிட்டால் அது இன்னொரு தொல்லை. உள்ளே இருக்கும் மெக்னீசியம் தூள் தண்ணீர் பட்டால் மெல்ல ஹைட்ரஜன் வாயுவை விடும். பல ஃப்ளேர்களில் பெர்குளோரேட் என்ற உப்பும் இருக்கிறது. அது தண்ணீரில் சுலபமாகக் கரைந்து நிலத்தடி நீர்வரை போகும். தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அந்த வாளித் தண்ணீரை எங்கே கொட்டுவான் உங்கள் மகன்?

குப்பைத் தொட்டியும் கூடாது. குப்பை லாரி நம் பையை அப்படியே கொண்டு போவதில்லை, அழுத்தி நசுக்கித்தான் ஏற்றுகிறது. பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தீவுக் குப்பை கடைசியில் போய்ச் சேருவது நிபோங் திபால் பக்கத்துப் புலாவ் புரோங் குப்பைமேட்டுக்கு. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்து, அணைக்கப் பட்ட பாடும் சுற்றுவட்டாரம் புகையில் தவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தீக்கு ஃப்ளேர் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏழு தீக்குழாய்களை நாமே அனுப்பி வைக்க வேண்டாம் என்கிறேன்.

கடலில் வீசிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். நிச்சயம் சொல்வார்கள், ஏனென்றால் பாதிப் பேர் செய்வது அதுதான். கப்பல் குப்பையைக் கடலில் கொட்டக் கூடாது என்று மார்போல் ஒப்பந்தம் இருப்பது ஒரு பக்கம். மிதக்கும் புகை டப்பா அதன் பெயருக்கு ஏற்றபடி மிதக்கும். இன்று முக்கா ஹெட் பக்கம் வீசினால் ஒரு நாள் பத்து ஃபிரிங்கி மணலில் ஒதுங்கும். ஆரஞ்சு நிறத்தில் பொம்மை போல ஒன்று கிடந்தால் முதலில் எடுப்பது யார்?

சரி, என்னதான் செய்வது? மூடியை மெல்லத் திறந்து, எதையும் வெளியே எடுக்காமல் ஒரு முறை பாருங்கள். ஏதாவது ஒன்று வீங்கியோ, விரிசல் விட்டோ, பொடி கொட்டியோ இருந்தால் அப்படியே விட்டு, கதவைச் சாத்தி, 999-க்குப் போன் செய்யுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அவசரமில்லை. போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை, என்ன ரகம், என்ன தேதி என்று தாளில் எழுதுங்கள். டின்னை வெயில் படாத, ஈரமில்லாத, அடுப்புக்கும் பெட்ரோலுக்கும் தூரமான இடத்தில், பேரப்பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று கார் பூட்டில் மட்டும் போட வேண்டாம். நம் ஊர் மத்தியான வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் போன் வேலை. முதலில் கணவர் வாங்கிய கடை. டின்னில் ரசீது இருக்கிறதா பாருங்கள், இவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்தவர் ரசீதையும் வைத்திருப்பார். அடுத்தது கப்பல்களின் லைஃப் ராஃப்ட்டை, அதாவது உயிர்காப்பு மிதவையை, சோதித்துத் தரும் சர்வீஸ் நிலையம். காற்றடைக்கும் ராஃப்ட்டை ஆண்டுதோறும் பிரித்துப் பார்த்து உள்ளிருக்கும் பழைய ஃப்ளேர்களை மாற்றுவது அவர்கள் வேலை. பழையதை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்குப் புதிதாக இருக்காது. மூன்றாவது உங்கள் வட்டாரப் போலீஸ் நிலையம். ஃப்ளேர் வெடிபொருள் வகையைச் சேர்ந்தது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி அதற்கான உரிமம் கொடுப்பது போலீஸ்தான். அந்தத் தாளில் எழுதியதைப் போனில் படித்துக் காட்டி, நீங்கள் வந்து எடுத்துக்கொள்வீர்களா, நாங்கள் எங்கே எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று கேளுங்கள். கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்க் கவுண்டரில் ஏழு குழாய்களை வரிசையாக வைத்துவிட்டு "சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு யாருக்கும் வேலை நடக்காது. ஜபாத்தான் லாவுட் என்ற கடல்துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம். தபாலிலும் கூரியரிலும் மட்டும் அனுப்பவே கூடாது. அபாயச் சரக்குப் பட்டியலில் முதல் வகுப்பே வெடிபொருள்தான்.

அந்த மஞ்சள் கருவிக்கு ஈபெர்ப் என்று பெயர். இயக்கினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும், மீட்புப் படைக்கு அது யாருடைய கருவி என்றுகூடத் தெரியும். பேட்டரி குறைந்தது 48 மணி நேரம் தாங்கும். இதைத் தெரியாமல் குப்பையில் போட்டு, குப்பைமேட்டில் அது தானே விழித்துக்கொண்டு கூப்பிட, கப்பலைத் தேட வேண்டியவர்கள் குப்பையைக் கிளறிய கதைகள் ஆஸ்திரேலியாவில் நிறைய. ஆகவே பொத்தான் எதையும் தொட வேண்டாம். விற்ற கடையிலோ கப்பல் ரேடியோ பழுது பார்ப்பவரிடமோ கொடுத்து, பேட்டரி இணைப்பை எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரியை மின்குப்பை சேகரிக்கும் இடத்தில் கொடுக்கலாம். கருவியின் மேல் 15 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் இருக்கும். அதைச் சொல்லிக் கணவர் பெயரில் உள்ள பதிவையும் நீக்கச் சொல்லுங்கள். தவறி யாராவது இயக்கிவிட்டால் பயந்து ஒளித்து வைக்காதீர்கள். அணைத்துவிட்டு உடனே கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குப் போன் செய்து, தவறுதலாக நடந்தது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால்தான் படகை அனுப்புவார்கள்.

அண்ணே, எங்கள் குழுவிடம் காலாவதியான பாராசூட் ராக்கெட் மூன்று இருக்கிறது. சும்மா வீணாகப் போவதற்குப் பதில் தீபாவளி ராத்திரி கொளுத்தலாமா? – பத்து உபான்

முடியாது தம்பி.

மத்தாப்பும் இதுவும் ஒரே குடும்பம் என்பது உண்மைதான். சிவப்பு மத்தாப்புக்கு நிறம் கொடுக்கும் அதே ஸ்ட்ரான்ஷியம்தான் இதிலும் நிறம் கொடுக்கிறது. ஆனால் மத்தாப்பு யாரையும் கூப்பிடுவதில்லை. இது 300 மீட்டர் உயரம் போய், பாராசூட்டில் தொங்கிக்கொண்டு, குறைந்தது 40 வினாடி 30,000 கேண்டலா வெளிச்சத்தில் எரியும். கடலோரத்தில் யார் பார்த்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அங்கே உயிர் போகிறது, வா. ஆபத்தில் இல்லாமல் அந்தச் சமிக்ஞையைப் பயன்படுத்தக் கூடாது என்று கடல்பாதை விதிகளின் நான்காம் இணைப்பிலும், கடலில் உயிர் காப்பதற்கான சோலாஸ் ஒப்பந்தத்திலும் எழுதியே இருக்கிறது.

1912-இல் டைட்டானிக் மூழ்கிய இரவில் அது ஏவிய வெள்ளை ராக்கெட்டுகளைக் கலிபோர்னியன் என்ற கப்பலில் காவலுக்கு நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள். என்ன அர்த்தம் என்று தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் நின்றுவிட்டார்கள். சிவப்பு என்றால் ஆபத்து, வேறு பேச்சில்லை என்று இன்று உலகம் முழுக்க வைத்திருப்பது அப்படிப்பட்ட இரவுகளுக்குப் பிறகுதான். தீபாவளிக்கு நாலு பேர், மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு நாலு பேர் என்று கொளுத்த ஆரம்பித்தால், "யாரோ பையன்கள் விளையாடுகிறார்கள்" என்று ஒருவர் தோளைக் குலுக்கும் நாள் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து உபானிலிருந்து பாயான் லெப்பாஸ் விமான நிலையம் எவ்வளவு தூரம்? தலைக்கு மேல் விமானம் இறங்கும் ஊரில் ராக்கெட் விடுவதா? நல்ல ராக்கெட் கீழே இறங்குவதற்குள் எரிந்து முடிந்துவிடும். பழையது சாய்ந்து பாய்ந்தால் எரிந்துகொண்டே யார் வீட்டுக் கூரையிலாவது உட்காரும். தண்ணீர்மலைப் பக்கமிருந்து வீசும் காற்று உங்களைக் கேட்டுக்கொண்டு வீசாது.

மூன்று ராக்கெட்டையும் என்ன செய்வது என்பதற்குச் சுங்கை ஆரா அம்மாவுக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்று என்பது வியாபாரிகளின் தந்திரம் இல்லையா? மருந்து கெட்டா போகும்? நான் பழையதையும் புதியதோடு சேர்த்தே வைத்திருக்கிறேன், ஆபத்துக்கு உதவுமே. – பட்டர்வொர்த்

இந்தக் கேள்விக்கு என் வலது உள்ளங்கையைத்தான் காட்ட வேண்டும். பத்திரிகையில் முடியாது, ஆகவே கதையாகச் சொல்கிறேன்.

1998 ஆகஸ்டு. எனக்குப் பத்து மாவுங்கில் அவுட்போர்டு பழுது பார்க்கும் கொட்டகை இருந்த காலம். ஊரார் இன்ஜினெல்லாம் சரியாக ஓடும், என் படகின் இன்ஜினை மட்டும் பார்க்க நேரம் இருக்காது. நானும் மச்சானும் புலாவ் கெண்டி பக்கம் இரவு மீன் பிடிக்கப் போனோம். பதினெட்டு அடி ஃபைபர் படகு. விடியப் போகிற நேரத்தில் மேற்கே மின்னல் வெட்டியது. மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவத்தில் அப்படி வரும் காற்றை சுமத்ரா என்போம். வருவது தெரியும், ஆனால் தெரிந்த பிறகு ஓட நேரம் இருக்காது. இன்ஜினைத் தட்டினால் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது, பெட்ரோலில் தண்ணீர். நங்கூரம் பிடிக்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. மச்சான் முருகனைக் கூப்பிட்டார். நான் ஃப்ளேர் டப்பாவைத் திறந்தேன்.

படகைப் பழையதாக வாங்கியபோது கூடவே வந்த மூன்று கை ஃப்ளேர்கள், தேதி முடிந்து நான்கு வருடம். "மருந்து கெட்டா போகும்" என்று நானும்தான் சொல்லியிருந்தேன். முதலாவதை இழுத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவதை இழுத்தேன். அதுவும் ஒன்றுமில்லை. என்னடா இது என்று முகத்துக்கு நேரே கொண்டு வந்து பார்த்தேன் பாருங்கள், அதைத்தான் செய்யக் கூடாது. நல்ல வேளையாகக் கையை இறக்கின பிறகு பற்றியது. குழாய் பக்கவாட்டில் வெடித்து உருகிய குழம்பு உள்ளங்கையில் வழிந்தது. கை தானாக விரிந்து, ஃப்ளேர் படகுத் தட்டில் விழுந்து, மச்சான் துடுப்பால் தள்ளிக் கடலில் விட்டார். தண்ணீருக்குள் போயும் கொஞ்ச நேரம் சிவப்பாக எரிந்துகொண்டே போனதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஃபைபரில் ஒரு ரிங்கிட் நாணயம் அளவுக்கு ஓட்டை. மூன்றாவது ஒழுங்காக எரிந்தது. அதைப் பார்க்க அந்த மழையில் யாரும் இல்லை.

காலையில் தெலுக் கும்பார் மீனவர் ஒருவர், வயதான மலாய்ப் பெரியவர், தற்செயலாக வந்து எங்களைக் கட்டி இழுத்துப் போனார். காசு வாங்கவில்லை. கரையில் ஒரு கோப்பி வாங்கித் தரச் சொன்னார்.

இப்போது உங்கள் கேள்வி. மருந்து ஈரம் இழுக்கும், பற்ற வைக்கும் பகுதி கெடும், குழாய் விரியும். தேதி முடிந்த மறுநாளே செத்துவிடாது, அது உண்மை. சிக்கலே அங்கேதான். பழைய ஃப்ளேர் எரியும் என்று நம்பிக் கடலுக்குப் போகவும் முடியாது, எரியாது என்று நம்பி வீட்டில் போட்டு வைக்கவும் முடியாது. புதியதோடு சேர்த்து வைத்தால் இருட்டில், பதற்றத்தில், கைக்கு முதலில் வருவது எது? சில நாடுகளில் கூடுதலாகப் பழையதையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

ஃப்ளேரைப் பயன்படுத்தும் முறையை ஒரு தரம் சொல்லுங்கள் அண்ணே. உறையில் எழுத்து பொடியாக இருக்கிறது. – தெலுக் கும்பார்

அதனால்தான் பகலில், கரையில், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. ஒன்றில் கயிற்றை இழுக்க வேண்டும், இன்னொன்றில் அடியைத் திருகித் தட்ட வேண்டும். இருட்டில் கற்றுக்கொள்ளும் பாடம் இல்லை இது.

பொதுவாகச் சொன்னால், கை ஃப்ளேரைக் காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்தில், படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடியுங்கள். குழம்பு சொட்டும், அது தண்ணீரில் விழ வேண்டும். கையுறை இருந்தால் நல்லது, அடுப்பில் பாத்திரம் இறக்கும் தடித்த உறைகூடப் போதும். நேரே பார்க்காதீர்கள், கண் கூசி அப்புறம் சிறிது நேரத்துக்கு வேறு எதுவும் தெரியாது. ஒரு நிமிடம் எரியும். சில மைல் தூரத்துக்குள் யாராவது இருந்தால்தான் பிரயோஜனம். ஆகவே ஒரு படகோ விமானமோ கண்ணில் பட்ட பிறகு கொளுத்துங்கள்.

ராக்கெட் தூரத்தில் இருப்பவர்களுக்கு. முதல் ராக்கெட்டைப் பார்த்தவர் "என்ன அது?" என்று நினைப்பார். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவதை விட்டால்தான் திசையைக் குறித்துக்கொள்வார். எனவே இரண்டு இரண்டாக வைத்திருங்கள். மேகம் தாழ்ந்திருந்தால் நேரே மேலே விட்டுப் பயனில்லை, மேகத்துக்குள் போய் எரிந்துவிடும். காற்று போகும் பக்கமாக 45 டிகிரி சாய்த்து விடுங்கள். ஹெலிகாப்டர் பக்கத்தில் வந்துவிட்டால் ராக்கெட்டைத் தொடவே கூடாது. அப்போது ஆரஞ்சுப் புகைதான் சரி. காற்று எந்தப் பக்கம் என்று விமானிக்கும் அது சொல்லிவிடும். இரவில் புகை உதவாது, கை ஃப்ளேர்.

ஃப்ளேர் எடுப்பதற்கு முன்பே ரேடியோவில் 16-ஆம் சேனலில் மேடே என்ற ஆபத்து அழைப்பைச் சொல்லியிருக்க வேண்டும், போனில் சிக்னல் இருந்தால் 999 அழைத்திருக்க வேண்டும். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பலர் ராக்கெட்டை விட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

வெள்ளை ஃப்ளேரும் விற்கிறார்களே, அது எதற்கு? – ஜெலுத்தோங்

பெரிய கப்பல் உங்களைப் பார்க்காமல் மேலே ஏற வந்தால், "நான் இங்கே இருக்கிறேன்" என்று காட்ட. உதவி கேட்பதற்கு இல்லை.

நான் வார இறுதியில் கயாக் ஓட்டுகிறேன். ராக்கெட் எல்லாம் வைக்க இடமும் இல்லை, தைரியமும் இல்லை. வேறு வழி உண்டா அங்கள்? – வாசகி, தஞ்சோங் பூங்கா

நிறைய உண்டு தங்கச்சி. அந்த நான்காம் இணைப்பில் சமிக்ஞைகள் பட்டியலாக இருக்கின்றன. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை துப்பாக்கி வெடிப்பது, தார்ப் பீப்பாயைக் கொளுத்துவது என்று கயாக்கில் செய்ய முடியாதவை சில. ஆனால் எஸ்ஓஎஸ்ஸை எந்த முறையில் காட்டினாலும் செல்லும் என்றும் அதே பட்டியல் சொல்கிறது. மூன்று குறுகியது, மூன்று நீண்டது, மூன்று குறுகியது. தண்ணீர் புகாத டார்ச் ஒன்றை லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளுங்கள். பகலில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி வெயிலைப் பிடித்து அடிக்கும் வெளிச்சம் மைல் கணக்கில் தெரியும். விசில் ஒன்று. போனுக்குத் தண்ணீர் புகாத உறை. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பிஎல்பி. ஈபெர்ப்பின் தம்பி, கைக்கு அடக்கமானது, 24 மணி நேரமாவது கூப்பிடும்.

காசே ஆகாத ஒன்றும் அதில் இருக்கிறது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, மெதுவாக உயர்த்தி, மெதுவாகத் தாழ்த்தி, திரும்பத் திரும்பச் செய்வது. மெதுவாக, இரண்டு கையும் என்பதைக் கவனியுங்கள். ஒரு முறை புலாவ் ஜெரஜாக் பக்கம் இன்ஜின் நின்று, கடந்து போன சுற்றுலாப் படகைப் பார்த்து நான் ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். படகில் இருந்த குடும்பம் முழுவதும், பாட்டி உட்பட, சந்தோஷமாகத் திரும்பக் கையாட்டிவிட்டுப் போனார்கள். ஒரு குழந்தை முத்தம்கூட அனுப்பியது.

இந்த ஃப்ளேரைக் கண்டுபிடித்தது யார்? பள்ளிக்கூடத்தில் புத்தாக்கப் போட்டிக்கு எழுத வேண்டும். – மாணவி, பிறை

வண்ண நெருப்பை ராணுவமும் கப்பல்களும் பல காலமாகப் பயன்படுத்தின. ஆனால் கப்பலிலிருந்து கப்பலுக்குப் பேசும் ஒழுங்கான முறையாக அதைக் கொண்டு வந்தவர் மார்த்தா காஸ்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி. கணவர் 1848-இல் இறந்தபோது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான். கையில் குழந்தைகள். கணவர் விட்டுப் போன தாள்களில் இரவுச் சமிக்ஞை பற்றிய அரைகுறைக் குறிப்பு கிடைத்தது. அதை வேலை செய்ய வைக்க ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. சிவப்பும் வெள்ளையும் வந்துவிட்டன, மூன்றாவது நிறம் வரவில்லை. 1858-இல் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி போட்டு முடித்ததைக் கொண்டாடிய வாணவேடிக்கையைப் பார்த்தபோது, இந்தப் பட்டாசுக்காரர்களைக் கேட்டால் என்ன என்று தோன்றியதாம். நீலம் தேடினார், பச்சை கிடைத்தது. 1859-இல் காப்புரிமை வந்தது, ஆனால் கண்டுபிடித்தவர் என்று அதில் இருந்தது இறந்துபோன கணவரின் பெயர். 1871-இல்தான் தன் பெயரிலேயே ஒன்று வாங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படை அவருடைய ஃப்ளேர்களைப் பயன்படுத்தியது.

உன் கட்டுரையில் அந்தப் பச்சையை விட்டுவிடாதே, கண்ணு. எனக்குப் பிடித்த இடம் அது.

எல்இடி ஃப்ளேர் என்று பேட்டரியில் ஓடுவது வந்திருக்கிறதே. அதை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை அல்லவா? – கோலாலம்பூர், போர்ட் கிள்ளானில் படகு வைத்திருப்பவர்

பாதித் தலைவலி போகும். சுடாது, குழம்பு வழியாது, மணிக்கணக்கில் மின்னும், பேட்டரி தீர்ந்தால் மாற்றலாம். அமெரிக்காவில் உல்லாசப் படகுகளுக்கு இரவுக்கு எஸ்ஓஎஸ் மின்னும் அங்கீகரிக்கப்பட்ட விளக்கு, பகலுக்கு ஆரஞ்சுக் கொடி என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் ஃப்ளேருக்குப் பதிலாக ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் படகுக்கு இங்கே என்ன வேண்டும் என்பதை ஜபாத்தான் லாவுட்டில் படகின் பதிவுத் தாளைக் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்வது போதாது.

என் கருத்தைக் கேட்டால், எல்இடியின் வெளிச்சம் ஃப்ளேருக்குப் பக்கத்தில் நிற்காது. கை ஃப்ளேர் 15,000 கேண்டலா. கிள்ளான் கரையில் எத்தனை விளக்குகள் மின்னுகின்றன, அதில் ஒன்று கூடுதலாக மின்னினால் யார் கவனிப்பார்கள்? சிவப்பாகக் கொழுந்துவிட்டு எரிவதை யாரும் கடை விளக்கு என்று நினைக்க மாட்டார்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். முன்பு ஆறு ஃப்ளேர் வாங்குவேன், இப்போது நான்கு. மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் நான்குதான்.

அண்ணே, ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் படகில் இன்றைக்கு என்ன இருக்கிறது? – பத்து மாவுங், பெயர் வேண்டாம்

பெயர் வேண்டாம் என்றாலும் கையெழுத்து தெரிகிறது, மச்சான்.

கை ஃப்ளேர் இரண்டு, பாராசூட் ராக்கெட் இரண்டு. எல்லாம் திருகு மூடி போட்ட ஆரஞ்சு டப்பாவில், பெட்ரோல் டாங்கிலிருந்து எட்ட, சுக்கான் பக்கத்துப் பெட்டியில். கூடவே தடித்த கையுறை ஒரு ஜோடி. எல்இடி விளக்கு, கை ரேடியோ, விசில், கண்ணாடி. டப்பா மூடியில் தேதியை வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் பெரிதாக எழுதியிருக்கிறேன், இருட்டில் தடவினாலே தெரிகிற அளவுக்கு. அக்டோபரில் முடிகிறது. புதியது வாங்கும்போது பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன் என்றார். ரசீதின் பின்பக்கம் எழுதியும் வாங்கிக்கொண்டேன்.